கோலி உருண்டை அளவு அமிர்தம்!

தீபாவளிக்குப் பட்டாசு வேண்டாம், புதுப்படம் வேண்டாம், அதிரசத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவேன். தீபாவளி மருந்தில் மட்டும் யாரும் பங்கு கேட்கக் கூடாது! அப்படியொரு பைத்தியம் எனக்கு.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் தீபாவளி என்றால் விடிந்ததுமே இட்லியும் கறிக்குழம்பும். மதியம் மறுபடி கறி. நடுவில் பொன்னமராவதிச் சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்ட சீப்புச் சீடை, மாவுருண்டை. போதாததற்கு ஆதனக்கோட்டையில் சாலையோரம் வறுத்து விற்கும் முந்திரி வேறு. வயிறு என்ன பாவம் செய்தது? அதைக் காப்பாற்றத்தான் தீபாவளி மருந்து என்கிற இந்த லேகியம்.

ஐப்பசி பிறந்ததும் கீழ ராஜ வீதிப் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடை வாசலிலேயே மூக்கு விழித்துக்கொள்ளும். "எத்தனை பேருக்குக்கா?" என்று மட்டும் கேட்பார்கள், சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா எல்லாம் அளவாகக் கட்டித் தந்துவிடுவார்கள். பாட்டிலில் அடைத்த லேகியமும் கிடைக்கிறது. நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கிளறும்போது வீடு முழுக்க ஏறும் அந்த வாசனையை எந்த பாட்டிலில் அடைப்பது?

லேசாக வறுத்து, இடித்து, சலித்து, வெல்லப்பாகில் தூவிக் கிளற வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் மாறி மாறி. பதம் பார்க்க அப்பத்தா சொல்லித் தந்தது: துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும். பின்னாளில் சார்ங்கதரர் எழுதிய ஆயுர்வேத நூலில் லேகியப் பதத்துக்கு இதே அடையாளங்களைப் பார்த்தபோது துள்ளிக் குதித்தேன். அப்பத்தா சமஸ்கிருதம் படித்தவள் அல்ல! தேனை மட்டும் நன்றாக ஆறிய பிறகே ஊற்றுவாள். தேனைச் சூடு பண்ணக் கூடாது என்பது ஆயுர்வேத ஆசான் சரகர் கட்சியும்கூட.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஜீரண அக்னி மந்தப்படும் என்கிறார் அஷ்டாங்க ஹிருதயம் எழுதிய வாக்படர். அவர் சொல்லும் மழைக்காலம் வடக்கே ஆடி, ஆவணியை ஒட்டி வருவது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். ஈரக்காற்றில் பசி சுருங்கும் அதே வாரத்தில் பண்டிகையும் பலகாரமும் வந்து நிற்கின்றன. அந்த நேரம் பார்த்துச் சுக்கு, மிளகு, திப்பிலியைத் தின்ன வைத்தார்களே, அவர்களுக்குக் கோயில் கட்டலாம்!

எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்து அப்பத்தா அரக்கினால் கண் தானாகச் சொக்கும். தலை, காது, பாதம் மூன்றுக்கும் விசேஷமாகத் தேய்க்கச் சொல்கிறார் வாக்படர். அஜீரணம் இருந்தால் எண்ணெயே கூடாது என்றும் சொல்கிறார். ஆகவே முதலில் குளியல், அடுத்து வெறும் வயிற்றில் கோலி உருண்டை அளவு மருந்து, அதன் பிறகுதான் இட்லிப்பானை. எந்த ஆஸ்பத்திரியில் தருவார்கள் இப்படியொரு வரிசையை? (வெல்லம் இருக்கிறது, காரமும் இருக்கிறது. சர்க்கரைக்காரர்களும் வயிற்றுப்புண் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.)

உருண்டையை விழுங்கிவிட்டோம் என்று கழுத்துவரை சாப்பிடவும் முடியாது. வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு நீர், மிச்சக் கால் காற்றுக்கு என்பது வாக்படர் கணக்கு. வள்ளுவரும் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் வைத்து, அதில் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லாமல் பெரும்பாலும் பசியையும் அளவையும் பற்றியே பேசிவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் இப்போது மதியக் கறி கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்குகிறது. யாராவது "பசிக்குது" என்று குரல் கொடுத்த பிறகு. சாயங்காலம் மிளகு ரசமும் பருப்புத் துவையலும். மறுநாள் ஒருவருக்கும் ஏப்பம் இல்லை, உப்புசம் இல்லை, நம்புங்கள்!

மிச்சம் டப்பாவில் கார்த்திகை வரை ஓடும். பிறகு தை பிறக்கும் முன்பே, மார்கழியிலேயே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடும். ஜல்லிக்கட்டு பார்க்க வரும் உறவுக்கெல்லாம் பொங்கலும் விருந்துமாக மாவட்டமே அமர்க்களப்படும். அதற்கென்றே மார்கழி பிறந்ததும் இன்னொரு தரம் கிளறிவிடுகிறேன். இந்தத் தடவை கண்டந்திப்பிலி கொஞ்சம் தூக்கலாக!