மடை திறந்த பாட்டும் இரவல் மெட்டும்

தோட்டப்புறத்துத் தமிழ் வாலிபனுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு உண்டா? இவ்வாறு கேட்டால் நம்மவரிற் பலர் சென்னைப் பட்டணத்துச் சினிமாப் பாட்டு ஒன்றைக் காட்டி, “இதோ இருக்கிறதே!” என்பர். எழுதியவர் அங்கே, இசையமைத்தவர் அங்கே, பாடியவரும் அங்கே. கேட்பவன் மட்டுமே இங்கே! தாப்பாவிலும் ஈப்போவிலும் நடைபெறும் கலியாணங்களிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி முழங்குவதெல்லாம் பெரும்பாலும் அக்கரைச் சரக்கே. இவ்வழக்கத்தை அசைத்த ஒரு பாட்டைப் பற்றி ஆராயப் புகுகின்றோம். யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ம் ஆண்டில் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத் தொகுப்பிலுள்ள ‘மடை திறந்து’ என்பதே அப்பாட்டு.

யோகி பி இதற்கு முன்பே பெயர் பெற்றவர். ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் மலேசியக் குழுவில் அவர் ஒருவர். அக்குழு 1998-ல் வெளியிட்ட முதல் தொகுப்பு ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு, மலாய், தமிழ், கண்டோனியம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அந்த நான்கு மொழிப் பந்தியில் கடையிலை ஒன்றில் அமர்ந்திருந்த தமிழ், எட்டு ஆண்டுகளுக்குப் பின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய நட்சத்ரா இருவரும் யோகி பியோடு சேர்ந்தபோது தலையிலைக்கு வந்தது. இஃது அற்ப விஷயமன்று.

அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு யாவரும் அறிந்ததே. 1980-ல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது. படத்தில் அது, இசையமைப்பாளனாக வரத் துடிக்கும் ஏழை வாலிபன் ஒருவனின் கனவு. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இம்மூவரும் அந்தப் பல்லவியை நடுவில் நிறுத்தி, அடியில் கனத்த தாளம் ஒன்றை ஓடவிட்டு, சரணம் இருந்த இடத்திலே ராகமின்றி வேகமாய்ப் பேசும் ‘ராப்’ அடிகளை வைத்தனர். கனவு கண்டவன் கதையைக் கனவு காண்போரே எடுத்துக்கொண்டது பொருத்தமான தேர்வென்றே சொல்வோம்.

“இது பாட்டா? வெறும் பேச்சன்றோ! அமெரிக்கக் கறுப்பரின் கூத்து நமக்கு ஏன்?” என்று கேட்பாருமுளர். அக்கூத்து எங்கே பிறந்தது என்பதை அவர்கள் சிந்திப்பாராக. 1973-ம் ஆண்டளவில் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், வாத்தியம் வாங்க வகையற்ற ஏழை வாலிபர், பழைய இசைத்தட்டு இரண்டைச் சுழலவிட்டு, முரசொலி மட்டும் வரும் துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் தம் சொல்லை ஏற்றினர். இல்லாதவன் கண்ட வழி அது. அது நமக்கு அந்நியம் என்பது எப்படி? மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று இரு கட்சியாய் நின்று சொல்லுக்குச் சொல் மறுத்துப் பாடும் லாவணி தஞ்சைச் சீமையில் இல்லையா? அருணகிரியாரின் சந்தம் நாவைச் சுழற்றவில்லையா? தமிழில் கச்சேரி செய்ய முடியாது என்றவர்க்கு விடையாக 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழில் ராப் கூடாது என்பாரும் அந்தப் பழைய வழக்கையே புதுப்பிக்கின்றனர்.

மொழியின் இயல்பையும் சற்றே நோக்குவோம். ஆங்கிலச் சொல்லில் ஓரசையை அழுத்தி உச்சரிப்பர். அவ்வழுத்தத்தின்மேல் தாளம் விழும். தமிழிலோ அத்தகைய அழுத்தம் இல்லை. குறிலும் நெடிலும், இரட்டித்து வரும் வல்லினமுமே தாளத்தைத் தாங்கவேண்டும். மேலும், ஆங்கில ராப் அடியின் ஈற்றொலியை நம்பி நிற்பது. நாம் இயைபு என்னும் அது, வினைமுற்றில் முடியும் தமிழ் வாக்கியத்துக்கு மிக எளிது. எளிதாகையால் மலிவும் ஆகும். ஆகவே தமிழ் ராப்பின் திறமை அடிக்குள்ளே ஓடும் மோனையிலும் எதுகையிலும்தான் இருக்கிறது. இப்பாட்டில் அத்தொடைகள் கூடிய இடங்களில் நாவும் தாளமும் ஒன்றாகின்றன. ஆங்கிலச் சொற்களைக் கொட்டிய இடங்களில் வேகம் உண்டு, சுவை குறைவு.

நிற்க. தம் பெயரைத் தாமே முழக்கித் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்கின்றனர் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. தற்புகழ்ச்சி குற்றமென்பது மெய்யே. ஆயினும், பாட்டன் ‘கூலி’ என்று அழைக்கப்பட்டான். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குவீட்டுக்கு வந்த பேரனை ஊரார் ‘ரவுடி’ என்கின்றனர். பிறர் இட்ட பெயர்களையே சுமந்த பரம்பரையில் ஒருவன் தன் பெயரைத் தானே வைத்து உரக்கச் சொல்வானாயின், அதைச் செருக்கென்று மட்டும் தள்ளுவது நியாயமா?

எமது குறை வேறு. பல்லவி இரவல்! 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே தம் காசால் வாங்கலாம் என்று காட்டினார். நிலத்தில் கொண்ட அத்துணிவு மெட்டில் வேண்டாமா? இப்பாட்டு பிறர் கட்டிய லயத்திலே நம்மவர் குடியேறி, சுவருக்குப் புதுச் சாயம் பூசியதைப் போன்றது. சாயம் அழகுதான், வீடு நம்முடையதன்று. அன்றியும், மேடையையும் முயற்சியையும் பேசும் இதில், கித்தா மரமும் மங்கும் பெரட்டும் இல்லை. பேசுபவன் எந்த மண்ணினன் என்பது குரலில் தெரிகிறது, பொருளில் தெரியவில்லை.

பின்னர் நடந்தது இதற்குச் சான்று. 2007-ல் ‘பொல்லாதவன்’, 2011-ல் ‘ஆடுகளம்’ ஆகிய படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது. இக்கரைக் குரலைச் சென்னை தேடி வந்தது நமக்குப் பெருமையே. ஆனால் குரல் ஏற்றுமதியானதே தவிர, பாட்டின் பட்டறை அங்கேயே இருந்தது. பாலை இங்கே எடுத்துச் சரக்கை வேறிடத்தில் செய்த பழைய ரப்பர் வியாபாரம் நினைவுக்கு வரவில்லையா?

‘மடை திறந்து’ மடையைத் திறந்தது. அதை மறுப்போர் நன்றியற்றவர். இனிப் பாயவேண்டிய நீர் நம் ஊற்றிலிருந்து வரவேண்டும். நம் திருவிழாக்களில் உறுமி மேளம் இருக்கிறது. அந்தத் தாளத்தை எவரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை. பாட்டிமார் நாவில் தோட்டத்துச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் மறையுமுன் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாப்பா வாலிபர்களே, எப்போது தொடங்கப் போகிறீர்கள்?