குழுப் படைப்பில் எதற்கு மதிப்பெண் தருகிறோம்?

இந்தத் தவணை உயர்நிலை இரண்டு மாணவர்களுக்கு வழக்கமான தலைப்புகளை விட்டுவிட்டு, 'நிரலாக்கத்தின் அடிப்படைகள்' என்று கொடுத்துப் பார்த்தேன். நான்கு குழுக்கள், குழுவுக்கு நான்கு பேர், எட்டு நிமிடம். மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு என்று குழுவுக்கு ஒரு கருத்து. 2020 முதல் தொடக்கநிலை மேல்வகுப்புகளில் 'கோட் ஃபார் ஃபன்' கட்டாயம் ஆகிவிட்டது. ஆகவே விஷயம் அவர்களுக்குத் தெரியும், தமிழில் சொல்வதுதான் சவால் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பாதிதான் சரி.

முதல் குழுவின் சில்லுகள் அழகோ அழகு. "மாறி என்பது தரவுகளைச் சேமித்து வைக்கும் கொள்கலன்" என்று தடுமாறாமல் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "புள்ளி = புள்ளி + 1னு எழுதுறோமே, கணக்குப் பாடத்துல அது தப்பாச்சே?" குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. இங்கே '=' என்பது சமம் அன்று; வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வைப்பது. இது புரிந்தால்தான் மாறி புரிந்தது. கொள்கலன் என்ற சொல் மட்டும் போதாது.

இரண்டாம் குழு எம்ஆர்டி நுழைவாயிலை நடித்துக் காட்டியது. 'அட்டையில் பணம் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது.' நல்ல எடுத்துக்காட்டு. தமிழில் நிபந்தனை முன்னால் வந்து 'ஆல்' கடைசியில் ஒட்டுவதையும் சுட்டிக்காட்டினார்கள். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியிலும் நிபந்தனைக்குப் பிறகுதான் 'ஆனால்' வரும். ஆனால் அடுத்த சில்லில் ஒரு வழு: "50 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி; இல்லாவிட்டால், 75 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிறப்பு." 80 வாங்கியவருக்கு என்ன வரும்? முதல் நிபந்தனையிலேயே 'தேர்ச்சி' என்று நின்றுவிடும். சிறப்பு யாருக்கும் கிடைக்காது. வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், வீட்டில் திருத்தும்போதுதான் நானே கவனித்தேன்.

மூன்றாம் குழுவிடம் சில்லே இல்லை. வெண்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார்கள். "நாப்ஃபாவுல 2.4 கிலோமீட்டர் ஓடணும். 400 மீட்டர் திடல்னா ஆறு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் கவுண்ட்ல ஒண்ணு கூட்டணும். கூட்ட மறந்தா ஓடிக்கிட்டே இருக்கணும்." வகுப்பே சிரித்தது. முடிவில்லாச் சுழற்சி என்றால் என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது. '6க்குக் குறைவாக இருக்கும்வரை ஓடு' என்றால், எண்ணிக்கையை 0இல் தொடங்கினால் ஆறு சுற்று, 1இல் தொடங்கினால் ஐந்தே சுற்று என்பதையும் விரல் விட்டுக் காட்டினார்கள்.

நான்காம் குழு செயற்கூற்றை நான்காகப் பிரித்துப் பேசியது. மூன்றாவது பேச்சாளரிடம் கேள்வி கேட்டால், "அது என் பகுதி இல்லை டீச்சர்." செயற்கூறு என்பது உள்ளீட்டை வாங்கி விடையைத் திருப்பித் தருவது. இவர்களோ பகுதிகளைப் பிரித்தார்கள், ஒருவர் கண்டதை மற்றவரிடம் தரவில்லை.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். 20 மதிப்பெண்ணை உச்சரிப்பு, மொழி, காட்சிப்படைப்பு, குழு ஒத்துழைப்பு என ஐந்தைந்தாகப் பிரித்திருந்தேன். முதல் குழு முதலிடம். 'ரவுண்டு', 'கவுண்ட்' என்று பேசிய மூன்றாம் குழு கடைசி. கருத்தைப் புரிந்து விளக்கியதற்கு என் அட்டவணையில் இடமே இல்லை. மதிப்பெண்ணைப் பதிவு செய்த பிறகுதான் இது உறைத்தது. மறுநாள் மூன்றாம் குழுவிடம் சொன்னேன். ஒரு மாணவன், "பரவாயில்லை டீச்சர், அடுத்த தடவை 'சுற்று'ன்னு சொல்றோம்" என்றான். குறை தன்னுடையது என்றே அவன் எடுத்துக்கொண்டான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நாம் தமிழாசிரியர்கள், கணினி ஆசிரியர்கள் இல்லையே" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தெரியாதவருக்குப் புரியும்படி ஒன்றை விளக்குவதும் மொழித்திறன்தானே? 'சுற்று', 'எண்ணிக்கை' என்ற சொற்களை அந்தக் குழுவுக்கு இரண்டு நிமிடத்தில் கற்றுத் தரலாம். முதல் குழுவுக்குப் புரிதலை அப்படித் தர முடியாது.

அடுத்த தவணைக்கு என் அட்டவணை: கருத்து விளக்கம் 8, கேள்விக்குப் பதில் 5, மொழி 5, காட்சி 2. கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை நானே தேர்ந்தெடுப்பேன்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொன்னதும் 'ஏன்?' என்ற கேள்வி வரலாம். மனப்பாடம் செய்த வாக்கியம் அங்கே கைகொடுக்காது. முதலில் உங்களுக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுங்கள். பிறகு கலைச்சொல்லைச் சொல்லுங்கள். கடைசியில், 'இது எப்போது பொருந்தாது?' என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் மூன்றாம் குழு செய்தது, நடுவில் ஒரு தமிழ்ச்சொல் மட்டும் விடுபட்டுப்போனது.