விமானத்தில் வந்த ஆறுதல்

மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற கனடா உளவியலாளர்கள் 1998-ல் எழுதிய கட்டுரை இது. ஆராய்ச்சிதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அங்கே பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை அதிகம் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள் அல்லவா? இவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1987 முதல் 1992 வரை ஊர் ஊராக எண்ணிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் ஒன்றுகூட இல்லை! சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சுயாட்சி, நில உரிமைப் போராட்டம், பள்ளிக்கூடம், வைத்தியம், போலீஸ்-தீயணைப்பு, பண்பாட்டுக்கென்று ஓர் இடம். இந்த ஆறும் இருந்த ஊர்களில் இளைஞர் தற்கொலை பூஜ்யம். எதுவும் இல்லாத ஊர்களில்தான் மிக அதிகம்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஊர்கள் சின்னவை, கணக்கு ஐந்து வருஷத்துக்கு. நிம்மதியாக இருந்த ஊர்தான் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கியதோ என்னவோ. தவிர, இன்று ராத்திரி ஒரு பையன் உடைந்துபோய் நின்றால் என்ன செய்வது? கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

2016 ஏப்ரலில் ஒன்டாரியோவின் அட்டவாபிஸ்கட்டில் ஒரே நாளில் 11 பேர் உயிரை விட முயன்றார்கள். க்ரீ மக்களின் ஊர். குளிர்காலப் பனிச்சாலை தவிர ரோடு கிடையாது. ஊர்த் தலைமை அவசரநிலை அறிவித்ததும் வெளியிலிருந்து கவுன்சலர்களை அனுப்பினார்கள். அனுப்பத்தான் வேண்டும். ஆனால், இம்மாதிரி ஊர்களில் வருகிறவர்கள் அடிக்கடி மாறுவார்கள். புதுசாக வந்தவரிடம் அந்தப் பெண் தன் கதையை மறுபடி முதலிலிருந்து, அதுவும் இங்கிலீஷில் சொல்லவேண்டும். பக்கத்தில் க்ரீ பேசும் பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

2007-ல் இவர்களே இன்னொருவருடன் சேர்ந்து மொழியையும் கணக்கில் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் சொந்த மொழி பேசத் தெரிந்த ஊர்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதையும் தேடிப் படியுங்கள்.