கேம் இதழ்கள் எதை விற்றன?

2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ‘கேம் இன்ஃபார்மர்’ என்ற அமெரிக்க இதழை அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் நிறுவனம் மூடியது. 1991இல் தொடங்கி 33 ஆண்டுகள் வந்த இதழ். 2011 வாக்கில் ஏறத்தாழ 80 லட்சம் பிரதிகள் போய்க்கொண்டிருந்தன. அதைவிட அதிகம் விற்ற அமெரிக்க இதழ்களை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அச்சு நின்றதோடு கதை முடியவில்லை. அதே நாளில் இணையதளமும் போனது. அதன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விடைபெறும் குறிப்பு ஒன்றே வந்து நின்றது.

இணையம் வந்ததால் அச்சு செத்தது என்பதுதான் இந்தத் துறையைப் பற்றி எல்லோரும் சொல்லும் விளக்கம். அது பாதி உண்மை. இணையத்துக்கு மாறிவிட்ட ஆசிரியர் குழுக்களும் ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. வீடியோ கேம் இதழ்கள் வாசகரிடம் உண்மையில் எதை விற்றன, எதைச் சேர்த்துக் கொடுத்தன என்று பிரித்துப் பார்த்தால்தான் இழப்பு எது, இழக்க வேண்டியிருந்தது எது என்பது விளங்கும்.

தட்டுப்பாடு என்ற சரக்கு

1981இன் கடைசி மாதங்களில் மூன்று இதழ்கள் அடுத்தடுத்துப் பிறந்தன: பிரிட்டனில் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’, அமெரிக்காவில் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’, ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’. அன்றைய விளையாட்டுப் பிரியருக்கு எந்தத் தகவலும் சுலபத்தில் கிடைக்காது. எந்த விளையாட்டு வரப்போகிறது, காசு கொடுத்து வாங்கலாமா, பாதியில் மாட்டிக்கொண்டால் எப்படித் தாண்டுவது என எதற்கும் கடைக்காரரையோ பள்ளித் தோழனையோ விட்டால் வேறு நாதியில்லை. அந்தத் தட்டுப்பாடுதான் இதழ்களின் மூலதனம். பிரிட்டிஷ் இதழ்கள் விளையாட்டின் நிரல் வரிகளையே பக்கம் பக்கமாக அச்சிட்டன; வாசகர் அதைத் தம் கணினியில் தட்டச்சு செய்து விளையாட வேண்டும்.

1988இல் நிண்டெண்டோ தொடங்கிய ‘நிண்டெண்டோ பவர்’ ஒவ்வொரு கட்டத்தின் வரைபடத்தையும் வண்ணத்தில் தந்து, சில ஆண்டுகளிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைச் சேர்த்தது. தொண்ணூறுகளில் பிளேஸ்டேஷனின் அதிகாரபூர்வ இதழ்கள் டெமோ குறுந்தகட்டை ஒட்டிக்கொண்டு வந்தன. பலர் தகட்டுக்காகவே இதழை வாங்கினார்கள். இந்தியாவிலும் இதே கணக்குதான். டயல்-அப் இணைப்பில் ஒரு டெமோவை இறக்க இரவு முழுக்கத் தொலைபேசியை மறக்க வேண்டியிருந்த காலத்தில், ‘டிஜிட்’ இதழோடு வந்த சிடிக்கு இருந்த மவுசு அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு சரக்காகக் கைநழுவியது. 1995இல் கேம்ஃபேக்ஸ் தளம் வந்தது. விளையாட்டை முடிக்கும் வழிகளை ரசிகர்களே எழுதி இலவசமாக வைத்தார்கள். 1996இல் கேம்ஸ்பாட்டும் ஐஜிஎன்னும் செய்தியை அன்றன்றே தந்தன. அகலப்பட்டை வந்ததும் டெமோ தகடு பொருளிழந்தது. 2005இல் யூடியூப் வந்தபின், விளையாட்டு எப்படி இருக்கும் என்பதை ஒருவர் எழுதி இன்னொருவர் படித்துத் தெரிந்துகொள்ளும் தேவையே குறைந்தது. 2011இல் நிண்டெண்டோ தன் அறிவிப்புகளை ‘நிண்டெண்டோ டைரக்ட்’ என்ற காணொளிகள் வழியே நேரடியாக மக்களிடம் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘நிண்டெண்டோ பவர்’ நின்றது.

இவை எதற்கும் அழ வேண்டியதில்லை. மூன்று மாதம் பிந்திய செய்தியையும் காசு கொடுத்து வாங்கும் ரகசியக் குறிப்பையும் இணையம் ஒழித்தது வாசகருக்கு லாபமே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதழ்கள் விற்றது தகவல். கூடவே வந்தது விமர்சனம். காபித்தூள் பாக்கெட்டோடு கிடைத்த இலவச டம்ளர் மாதிரி. காபித்தூளை வேறொருவர் சும்மாவே தர ஆரம்பித்ததும், டம்ளருக்கு விலை கொடுக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை என்பது தெரியவந்தது.

விளம்பரதாரரின் நிழல்

அச்சு இதழ்களை நேர்மையின் பொற்காலமாகப் பேசுவது பழைய வாசகர்களின் வழக்கம். ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை. ‘நிண்டெண்டோ பவர்’ அப்பட்டமாக நிறுவனத்தின் விளம்பரப் பிரசுரம். 1990இல் அது புதிய சந்தாதாரர்களுக்கு ‘டிராகன் வாரியர்’ விளையாட்டை இலவசமாக வழங்கியது. அமெரிக்காவில் எதிர்பார்த்தபடி விற்காமல் தேங்கிய சரக்கு அது. ‘கேம் இன்ஃபார்மர்’ நிலை இன்னும் சுவாரசியமானது. விளையாட்டுகளை மதிப்பிடும் இதழ், அவற்றை விற்கும் கடைக்குச் சொந்தம். அதன் பிரம்மாண்டமான பிரதி எண்ணிக்கைக்குப் பின்னால் அந்தக் கடையின் உறுப்பினர் அட்டைத் திட்டம் இருந்தது. தனிப்பட்ட எழுத்தாளர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் இந்த அமைப்பு மாறிவிடாது.

உரிமையாளர் தலையிடாத இடங்களிலும் அனுமதி என்ற ஆயுதம் இருந்தது. பெரிய விளையாட்டு ஒன்றின் முதல் படங்கள் ஒரே ஓர் இதழுக்குக் கிடைக்கும். பதிலுக்கு அட்டைப்படமும் பத்துப் பக்கமும் போகும். அட்டையில் ஏற்றிய விளையாட்டை ஆறு மாதம் கழித்து அதே இதழ் தாழ்த்தி எழுதுவது எளிதல்ல. எழுதினால் என்ன நடக்கும் என்பதை 2008 தொடக்கத்தில் ‘எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி’யின் ஆசிரியர் டான் ஷு வெளிப்படையாகவே அச்சிட்டார். யூபிசாஃப்ட், சோனியின் விளையாட்டுப் போட்டிப் பிரிவு, ‘மார்ட்டல் காம்பாட்’ குழு ஆகிய மூன்றும் தங்கள் படைப்புகள் பற்றி எழுதப்பட்டதில் அதிருப்தியுற்று இதழோடு ஒத்துழைப்பை நிறுத்திவிட்டன என்று பெயர் சொல்லி எழுதினார். அந்தத் துணிவைப் பாராட்டலாம். ஆனால் ஓர் ஆசிரியர் இதைச் சொன்னதே செய்தியாகிவிட்டது என்பது, மற்றவர்கள் எவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தார்கள் என்பதையும் காட்டுகிறது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்த இதழும் மூடப்பட்டது. அதை நிறுவியவரே 2010இல் மீட்டுக் கொண்டுவந்தார்.

பிழை திருத்தும் வேகத்திலும் அச்சு பலவீனமானது. இதே இதழ் 1992 ஏப்ரலில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் ஷெங் லாங் என்ற ரகசிய வீரர் ஒளிந்திருப்பதாக முட்டாள்கள் தினக் குறும்பு ஒன்றை வெளியிட்டது. அடி வாங்காமலே ஆட்டம் முழுவதையும் கடந்து, கடைசி எதிரியோடு பல சுற்றுகள் ஒருவரையொருவர் தொடாமல் நின்றால் அவர் வருவாராம். சரிபார்க்க வழியில்லாத மற்ற இதழ்கள் இதை உண்மை என்றே மறுபதிப்புச் செய்தன. எத்தனையோ சிறுவர்களின் நாணயங்கள் ஆர்கேடு எந்திரங்களில் கரைந்தன. இது குறும்பு என்ற ஒப்புதல் அந்த ஆண்டின் இறுதியில்தான் அச்சேறியது. இன்றாக இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது.

இதழ்கள் யாரை வாசகராக நினைத்தன என்பதும் கணக்கில் சேர வேண்டும். பதின்வயதுப் பையன்களே உலகம் என்று அவை எண்ணின. 1997இல் ‘டைகட்டானா’ விளையாட்டுக்கு வந்த முழுப்பக்க விளம்பரம் வாசகரையே இழிசொல்லால் மிரட்டியது. இதழ்கள் காசு வாங்கிக்கொண்டு போட்டன. பெண்கள் பலரும், இதழ் அலுவலகங்கள் இருந்த ஊர்களுக்கு வெளியே இருந்தவர்களும் எழுதும் இடத்துக்கு வர இணையம்தான் கதவு திறந்தது.

பக்க எல்லை தந்த ஒழுங்கு

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் அச்சு இதழுக்கு ஒரு தனி வலிமை இருந்தது. அது எழுத்தாளர்களின் மேதைமையால் வந்ததல்ல. காகிதத்தின் கட்டுப்பாட்டால் வந்தது. பக்கங்கள் இத்தனைதான், அச்சுக்குப் போகும் நாள் இதுதான் என்றால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவின் மேல் ஆசிரியரின் பெயர் இருந்தது. யாரும் தேடியிராத ஒரு சிறு விளையாட்டு, எல்லோரும் தேடிய பெரிய விளையாட்டுக்குப் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தது. தேடுபொறியோ, நாம் ஏற்கெனவே விரும்பியதையே மறுபடி தருகிறது.

கருத்து வேறுபாட்டுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1986இல் தொடங்கிய ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ ஒரே விளையாட்டுக்கு நான்கு பேரைத் தனித்தனியாக மதிப்பெண் போட வைத்தது; மொத்தம் நாற்பது. முதல் முழு மதிப்பெண் 1998இல் ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டுக்குத்தான் கிடைத்தது. ‘எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி’யும் நால்வர் முறையைப் பின்பற்றியது. ஒருவர் ஒன்பதும் இன்னொருவர் ஐந்தும் தருவதை ஒரே பக்கத்தில் பார்க்கும் வாசகர், ரசனை என்பது வாதத்துக்குரியது என்று கற்றுக்கொண்டார். 2001இல் வந்த மெட்டாகிரிட்டிக் தளமோ டஜன் கணக்கான கருத்துகளை ஒற்றை எண்ணாக அரைத்துத் தருகிறது.

அச்சில் ஏறியதை அழிக்க முடியாது என்பது அடுத்த வலிமை. 1993இல் பிரிட்டனில் தொடங்கிய ‘எட்ஜ்’ மறுஆண்டு ‘டூம்’ விளையாட்டுக்குப் பத்துக்கு ஏழு கொடுத்தது. சுட்டுத் தள்ளும் அரக்கர்களோடு பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்று அந்த மதிப்புரை ஏங்கியது. ஆண்டுக்கணக்காக ரசிகர்கள் அதைக் கேலி செய்தார்கள். 2015இல் வந்த ‘அண்டர்டேல்’, அரக்கர்களைக் கொல்லாமல் பேசியே கடக்கலாம் என்பதை மையமாக வைத்துப் புகழ்பெற்றது. இணையப் பக்கமாக இருந்திருந்தால் கேலி தாங்காமல் அந்த வரியைச் சத்தமின்றி நீக்கியிருப்பார்கள். காகிதத்தில் இருந்ததால் இருபது ஆண்டு கழித்து அதற்கு வேறொரு வாசிப்பு கிடைத்தது.

வாரிசின் நோய்கள்

அச்சின் குறைகளை இணையம் ஒழித்ததா? தாமதத்தை ஒழித்தது, சார்பை ஒழிக்கவில்லை. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட்டின் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மேன் வேலையிழந்தார். ‘கேன் அண்ட் லிஞ்ச்’ விளையாட்டுக்கு அவர் ஆறு மதிப்பெண் கொடுத்த சமயத்தில் அதன் விளம்பரமே அந்தத் தளத்தின் முகப்பை மூடியிருந்தது. விளம்பரதாரரின் அழுத்தம் இதில் இருந்ததைப் பற்றி 2012இல் அவரே பேசினார். ஊடகம் மாறியும் கயிறு மாறவில்லை.

2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வந்தபோது இரண்டு ஊடகங்களின் எல்லைகளும் ஒருசேரத் தெரிந்தன. முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. பழைய கன்சோல்களில் அது தள்ளாடியதை வாங்கியவர்களே கண்டுபிடித்தார்கள். சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. அனுமதியை நம்பிய இணைய விமர்சனம் தோற்ற இடம் இது. ஆனால் அதே விளையாட்டு 2023இல் பெரும் திருத்தங்களோடு வேறொன்றாக எழுந்து நின்றது. மாதம் ஒரு முறை தீர்ப்புச் சொல்லிவிட்டு நகரும் அச்சு இதழால், வாரந்தோறும் உருமாறும் இன்றைய விளையாட்டுகளைப் பின்தொடரவே முடியாது. விற்கும் பொருளே நிலையற்றதாகிவிட்டபின், ஒருமுறை அச்சிட்ட மதிப்புரைக்கு வாங்குவோருக்கான வழிகாட்டி என்ற பயன் குறைந்துவிடுகிறது.

நினைவைக் காப்பதில் மட்டும் அச்சு ஐயமின்றி ஜெயிக்கிறது. 1யூபி 2013இலும் ஜாய்ஸ்டிக் 2015இலும் மூடப்பட்டன. இரண்டும் பெரும் இணையதளங்களே. ‘கேம் இன்ஃபார்மர்’ தளம் ஒரே நாளில் போனபோது, வாசகர் வீட்டு அலமாரியில் இருந்த பழைய பிரதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. விளையாட்டே கிடைக்காதபோது அது எப்படி இருந்தது, எப்படி வரவேற்கப்பட்டது என்பதற்குச் சாட்சி இதழ்கள்தான். அதனால்தான் அந்த அமைப்பு 2025 ஜனவரியில் திறந்த மின்நூலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட பழைய இதழ்களைத் தேடிப் படிக்கும்படி வைத்தது.

எதற்குக் காசு?

இன்றும் அச்சில் பிழைத்திருப்பவை எவை என்று பார்த்தால் விடை ஓரளவு தெளிகிறது. ‘எட்ஜ்’ அவசரச் செய்தியில் போட்டியிடவில்லை. நீண்ட கட்டுரையையும் வடிவமைப்பையும் நம்புகிறது. ‘ரெட்ரோ கேமர்’ பழைய விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறது. அதற்குக் காலதாமதம் ஒரு பொருட்டே இல்லை. தகவல் தட்டுப்பாட்டை விற்றவை போயின; தேர்வையும் எழுத்தையும் விற்றவை சிறிய அளவில் நிற்கின்றன.

இணையத்திலும் இதே திசையில் சில முயற்சிகள் நடக்கின்றன. 2023இல் சில பத்திரிகையாளர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஆஃப்டர்மேத்’, வாசகர் சந்தாவை நம்பி நடக்கிறது. மறுபுறம், ‘கேம் இன்ஃபார்மர்’ 2025 மார்ச்சில் பழைய குழுவோடும் பழைய ஆவணங்களோடும் உயிர்பெற்றது. வாங்கியிருப்பது கன்ஜில்லா என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம். முன்பு கடைக்காரர் முதலாளி, இப்போது தயாரிப்பாளர் முதலாளி. ஆசிரியர் குழுவுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த வாக்கைச் சோதிக்கும் நாள் அந்த நிறுவனத்தின் சொந்த விளையாட்டு மோசமாக வரும்போது வரும்.

ஆகவே காகிதத்தை மீட்க வேண்டும் என்ற ஏக்கத்தால் பயனில்லை. மீட்க வேண்டியவை அந்த இதழ்கள் கட்டாயத்தின் பேரில் கடைப்பிடித்த மூன்று பழக்கங்கள்: எல்லைக்குள் தேர்ந்தெடுப்பது, மாறுபட்ட தீர்ப்புகளை அருகருகே வைப்பது, எழுதியதை அழிக்காமல் அதற்குப் பொறுப்பேற்பது. இவை எந்த ஊடகத்திலும் சாத்தியம். ஆனால் எதிலும் இலவசமாகச் சாத்தியமில்லை. விளம்பரதாரர், கடைக்காரர், தயாரிப்பாளர் என்று இதுவரை விமர்சனத்துக்குப் படியளந்த எல்லோருக்கும் வேறு நோக்கம் இருந்தது. அப்படி ஒரு நோக்கம் இல்லாத ஒரே ஆள் வாசகர். அவர் விமர்சனத்தையே விலைகொடுத்து வாங்கப் பழகாதவரை, அச்சிலோ திரையிலோ அடுத்து வரும் இதழும் ஏதோ ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகவே இருக்கும். அந்த வரியை அடிக்க அவர்களுக்கு ஒரு நாள் போதும்.