கல்யாணியின் அடுப்பு

'பராசக்தி' என்றதும் தமிழர் செவியிலே முதலில் ஒலிப்பது வழக்குமன்றத்து முழக்கம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17-ஆம் நாள் படம் வெளிவந்தது. குற்றவாளிக் கூண்டிலே நின்று குணசேகரன் எழுப்பிய குரலை அன்று முதல் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் மனப்பாடமாக ஒப்புவித்து மகிழ்ந்தோர் எத்தனை எத்தனை பேர்! கலைஞர் மு. கருணாநிதியின் எழுதுகோலும், புதுமுகமாக வந்த சிவாஜி கணேசனின் நாவன்மையும், கிருஷ்ணன்-பஞ்சுவின் இயக்கமும் கூடி விளைவித்த வெற்றி அது. மறுப்பார் இல்லை. எனினும், அண்மையிலே அப்படத்தை இல்லத்தாருடன் மீண்டும் கண்டபோது, நம் கண்ணை ஈர்த்தது கூண்டு அன்று, அடுப்பு!

கதையை நினைவூட்டிக் கொள்வோம். இரங்கூனிலே அண்ணன்மார் மூவர். மதுரையிலே தங்கை கல்யாணி. அவள் திருமணத்துக்கு வரவேண்டிய அண்ணன்மாரைப் போர் தடுத்துவிடுகிறது. பின்னர், கணவன் விபத்திலே மாள்கிறான், தந்தையும் மறைகிறார், வீடு ஏலம் போகிறது. கைக்குழந்தையோடு தெருவிலே நின்ற அந்த இளம் விதவை என்ன செய்தாள்? விதியே என்று மூலையிலே முடங்கினாளா? முக்காடிட்டு அழுது கிடந்தாளா? இல்லை! அடுப்பு மூட்டினாள். தெருவோரத்திலே சிற்றுண்டி விற்றாள். தன் உழைப்பால் தன் குழந்தைக்குப் பால் வார்த்தாள். விதவை என்றால் எதிரே வரவும் கூடாது என்று பழித்த நாட்டிலே, அவள் கையால் சமைத்ததை ஊரார் காசு கொடுத்து வாங்கி உண்டனர்! எந்த வசனத்துக்கும் இளைத்ததல்ல இந்தக் காட்சி.

அந்நாளிலே கொட்டகையில் அமர்ந்திருந்த மக்களுக்கு இது வெறும் கதையாகத் தோன்றியிருக்க முடியாது. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சிலே அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர் பல இலட்சம் இந்தியர். வழியிலே காலை இழந்து, இரந்துண்பவனாகிவிட்ட ஞானசேகரன் அவர்களின் பிரதிநிதி. ஆட்கள் வந்தனர், அரிசி வரவில்லை! பர்மா அரிசி நின்றதும் தமிழகத்து உலைகள் தவித்தன. பங்கீட்டுக் கடையின் வரிசை, அளந்து போட்ட அரிசி, அது போதாமல் சோளமும் கேழ்வரகும் வள்ளிக்கிழங்கும் என்று அந்த ஆண்டுகளைப் பற்றி நம் இல்லத்து முதியோர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சென்னை மாகாணத்திலே உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் அதே 1952-இல்தான். பசி அறிந்த மக்கள், பசியின் கதையைக் கண்டனர். ஆகவேதான் கொட்டகை குலுங்கிற்று.

இப்போது ஒரு வினா. தங்கை இருக்கும் இடத்தைக் கண்டறிந்து குணசேகரன் வருகிறான். வந்தவன், "நான்தான் உன் அண்ணன்" என்று சொன்னானா? சொல்லவில்லை. பொருளைப் பறிகொடுத்துப் பஞ்சையாகிவிட்டோமே என்று நாணி, பித்தன் வேடம் பூண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவளோ, யாரோ ஒரு தொல்லை என்று வெறுக்கிறாள். நாம் மீண்டும் படம் கண்ட அன்று, எண்பதைக் கடந்த நம் அன்னையார் இந்த இடத்திலே சொன்னார்: "பைத்தியமா நடிச்ச நேரத்துக்கு, நான்தாம்மா உன் அண்ணன்னு சொல்லி மாவாட்டிக் கொடுத்திருந்தா, இத்தனை வழக்கும் கோர்ட்டும் எதுக்கு?"

நகைத்தோம். நகைத்து முடித்ததும் சிந்தித்தோம். அண்ணன் வாயை அடைத்தது எது? உடன்பிறந்தாளைக் காண வருபவன் சீரோடு வரவேண்டும், வெறுங்கையோடு வரலாகாது என்ற வழக்கம்! வெறுங்கை என்கிறோமே, உழைக்கும் கை எப்படி வெறுங்கையாகும்? தங்கை அடுப்பெரித்துப் பிழைக்கலாம். அண்ணன் அருகே அமர்ந்து மாவாட்டுவது மட்டும் இழிவா? பூசாரியின் காமத்தைத் தோலுரித்த படம், பதுக்கல்காரனின் பசப்பைக் காட்டிய படம், இந்த மூடத்தனத்தை மட்டும் பாசம் என்று பெயரிட்டுப் போற்றிவிடுகிறது. "ஒளித்திராவிட்டால் கதை ஏது?" என்று கேட்பர் சிலர். உண்மைதான், கதைக்கு அது வேண்டும். அந்த நாணம் பிழை என்று கதை உணர்த்தியிருக்கலாமே என்பதுதான் நம் குறை. முடிவிலே குடும்பம் ஒன்று சேர்கிறது, ஆதரவற்றோருக்கு இல்லம் எழுகிறது, நன்று. கல்யாணியின் கடைதான் என்னாயிற்று? தன் காலில் நின்றவள், மீண்டும் அண்ணன்மாரின் நிழலுக்கே திரும்புகிறாள்.

படத்தை மட்டும் குறை கூறி அமைவது நேர்மையாகாது. நம் இல்லங்களைப் பாருங்கள். நம் தந்தையார் புரோகிதரின்றி மணம் புரிந்தவர். வீட்டிலே ஒரு சாமி படம் மாட்டியவரல்லர். உணவு முடிந்ததும் பெரியப்பாவும் அவரும் திண்ணையில் அமர்ந்து வழக்குமன்றக் காட்சியை மாற்றி மாற்றிச் சொல்வர். தெருவே கூடிக் கேட்கும். அந்த நேரத்திலே உள்ளே என்ன நடக்கும்? ஆடவர் உண்டு எழுந்த பின், அன்னையாரும் பெரியம்மாவும் அடிப்பானையைச் சுரண்டிக் கொண்டிருப்பர். மீந்த சோறு, சுண்டிய குழம்பு, அதுவும் இல்லையேல் நீராகாரமும் வெங்காயமும்! கல்யாணியின் பசிக்காகத் திண்ணையிலே கண்ணீர். அடுக்களையிலே காத்திருந்த பசியைக் கேட்பார் இல்லை.

தோழர்களே! சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பன மாணவருக்குத் தனிப்பந்தி என்றறிந்து, 1924-25-இல் பெரியார் கொதித்தெழுந்தது வரலாறு. சோறு ஒன்றே எனினும், பந்தி இரண்டாயின் மனிதன் இரண்டாகிறான் என்பதல்லவா அப்போர் புகட்டிய பாடம்! குருகுலத்துப் பந்தியிலே கூடாத வேற்றுமை, குடும்பத்துப் பந்தியிலே கூடுமோ? முன்பந்தி ஆணுக்கு, பின்பந்தி பெண்ணுக்கு என்பதை எந்தப் பகுத்தறிவு ஏற்கும்? அதே 'பராசக்தி'யிலே, இனத்தைக் கூவியழைத்துக் கூடியுண்ணும் காக்கையைப் போற்றும் பாடல் ஒன்று உண்டு. காக்கைக்குத் தெரிந்த ஒழுக்கம் நமக்குத் தெரிய வேண்டாமா?

படத்தை மீண்டும் பாருங்கள், இளைஞர்களே! வசனத்தைச் சுவையுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், தடையில்லை. கண்டு முடித்த பின், எழுந்து அடுக்களைக்குச் செல்லுங்கள். அரிசி களையவும், காய் நறுக்கவும், பாத்திரம் துலக்கவும் பழகுங்கள். சமைத்தவரையும் அமர்த்தி, ஒரே நேரத்திலே, ஒரே பந்தியிலே உண்ணுங்கள். கூண்டிலே ஏறி முழங்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அடுப்பருகே அமரும் வாய்ப்போ நாள்தோறும் மும்முறை வருகிறது!