விசாலாக்ஷ பண்டிதர் – ஒரு மறுபார்வை

பொம்மசந்திராவில் கடை வைத்திருக்கும் வியாபாரி நான். கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்த சரித்திரம்தான் என் மூலதனம். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்டவர் சிக்கதேவராஜ உடையார். பட்டத்துக்கு வருமுன் அவர் ஹங்களாவில் காவலில் இருந்தார். அப்போது கூடவே இருந்தவர் எளந்தூர்ச் சமணரான விசாலாக்ஷ பண்டிதர். அரசரானதும் நண்பரையே முதன்மந்திரியாக்கினார். 1686இல் பண்டிதர் கொலையுண்டார். சாகும் தறுவாயில், தமக்குப் பின் திருமலையார்யரை அமர்த்தும்படி அரசரிடம் சொன்னாராம். அவரோ வைணவ அந்தணர்!

இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னருக்காக உழைத்தவர் ஸ்ட்ராஃபோர்ட் பிரபு. 1641இல் அவர் தலை வீழ்ந்தது. மரண ஆணைக்கு ஒப்புதல் தந்தவர் அந்த மன்னரேதான். அப்படிப் பார்த்தால் நம் பண்டிதருக்கு வாய்த்த அரசர் எவ்வளவோ மேல்.

சமணர்களாகிய நாங்கள் இதைச் சொல்லிப் பூரித்துப் போகிறோம். தப்பில்லை. ஆனால் இந்த மரணப் படுக்கைக் கதையைச் சொல்பவர் யார்? மைசூரில் கும்பினியின் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ். அவருடைய நூலின் முதற்பாகம் வந்தது 1810இல், அதாவது கொலை நடந்து 124 ஆண்டு கழித்து. அதே வில்க்ஸ்தான், வரிக்கொடுமை தாங்காமல் குடிகள் ஊர் வாசலில் கலப்பையைத் தொங்கவிட்டதையும், நஞ்சன்கூட்டில் நானூறுக்கும் மேற்பட்ட ஜங்கமர்கள் வெட்டுண்டதையும் எழுதுகிறார். இவை நடந்ததாக அவர் சொல்வது பண்டிதர் மந்திரியாக இருந்த காலத்தில்!

இதைக் கேட்டதும் நம்மவர்கள், “அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதைங்க” என்கிறார்கள். இருக்கலாம். நூறு வருஷச் செவிவழிச் செய்தியில் பெருக்கல் கூட்டல் இல்லாமலா போகும்? அப்படியானால் மரணப் படுக்கைக் கதையும் அதே செவிவழிதானே! வாங்க ஒரு எடைக்கல், விற்க ஒரு எடைக்கல் என்று வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்றா சொல்கிறோம்?

என் முடிவு இது. காவலில் கிடந்த இளவரசனை, கைம்மாறு கிடைக்குமா என்று தெரியாத காலத்திலும் கைவிடாதது விசுவாசம். அதை வணங்குகிறேன். அதிகாரத்திலிருக்கும் அரசன் சொன்னதையெல்லாம் நிறைவேற்றுவது வேறு. அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும். ஜங்கமர் கதை முழுவதும் மெய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் பண்டிதர் சமணர் என்பதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிய எனக்கு மனம் வரவில்லை.

கன்னட மண்ணில் பிழைக்க வந்த நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணின் கதையை முழுசாகச் சொல்லுவோம். பெருமை குறைந்தாலும் பரவாயில்லை. தராசு நேராக நிற்கட்டும்.