ராபியாவுக்கு எவ்வளவு தெரியும்?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (காலச்சுவடு, 2004) நாவலைக் கீழக்கரையில் மறுபடி வாசித்தேன். கதை நடப்பது கடலே இல்லாத ஊர். ஆனாலும் அந்த அடக்கின குரல் எங்க தெருவோடதுதான்.

கரீமுக்கும் மாரியாயிக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. அவர் தலை குனிய வேண்டியதில்லை. ஃபிர்தவ்ஸ் சிவாவோடு பழகினால் மட்டும் பெற்றவளே விஷத்தை நீட்டுகிறாள். தாண்டியது ரெண்டு பேரும் ஒரே கோட்டைத்தானே! சிறுமி ராபியா இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டே வளர்கிறாள். அந்த அரைகுறைதான் நாவலின் பலம். பெரியவர்களின் கதைகள் பெருகப் பெருக அவள் ஓரமாகிவிடுவது எனக்குக் குறை.

எட்டாவது படிக்கும் அக்கா மகள் புத்தகத்தைப் புரட்டினாள். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏன்னு கேட்டாள், பதில் வரல.